தாய்மாமனுக்கு ஒரு பல் செட்டு

எனக்குப் பொறுமை கிடையாது. என்னோடு படித்தவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள், என்னைக் கட்டிக்கொண்டவரைக் கேட்டால் கொஞ்சம் கூட்டியே சொல்வார். பல் பிடுங்கவும் அடைக்கவும் பெரிய பொறுமை ஒன்றும் வேண்டாம். கை வேகமும் வாய்ச் சாமர்த்தியமும் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். ஒரு பல்கூட இல்லாத வாய்க்கு முழு செட்டு கட்டுவது மட்டும் அப்படியில்லை. அளவெடுத்து, காத்திருந்து, போட்டுப் பார்த்து, ராவி, மறுபடி காத்திருந்து என்று அது இழுத்துக்கொண்டே போகும். கொல்லிமலை அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தபோது, குளிருக்கும் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தயாராகித்தான் மலையேறினேன். பொக்கை வாய்களுக்குத் தயாராகவில்லை.

அங்கே பலர் பல் வலித்தால் ஒரு துண்டுப் புகையிலையை அந்த இடத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். வலி போகிறது, கொஞ்ச நாளில் பல்லும் போகிறது. போனதை யாரும் குறையாக நினைப்பதில்லை. களியை உருட்டி விழுங்கலாம், வெற்றிலையைச் சின்ன உரலில் இடித்துப் போட்டுக்கொள்ளலாம், பிறகு பல் எதற்கு? இப்படியே வருஷங்கள் ஓடிவிடும். ஆனால் பல் போன இடத்து எலும்பு சும்மா இருக்காது. தனக்கு வேலை இல்லை என்று தெரிந்ததும் கரைய ஆரம்பித்துவிடும். எல்லாம் கரைந்து முடிந்தபிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, ‘ஒரு செட்டு கட்டிக் குடுங்க’ என்பார்கள். செட்டு எதன்மேல் உட்காரும்? உட்கார ஒரு மேடு வேண்டாமா? இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் எரிச்சலோடு கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

அவர் வந்தது ஐப்பசி மழையில். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அப்படி வளப்பூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிற மனிதர், அறுபதைத் தொட்டிருக்க மாட்டார். ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தார். கூட ஓர் இளம்பெண். அவருடைய அக்காள் மகள். நாமக்கல்லில் டிகிரி முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தவள்.

விளக்கைத் திருப்பி வாயைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மேல் தாடையின் முன்பக்கம் ஈறு மட்டும் இருந்தது, உள்ளே எலும்பு இல்லை. விரல் பட்டால் ஊறின அப்பளமாக ஆடியது. கீழ்த்தாடை இரண்டு ஓரமும் தட்டையாகக் கிடந்தது. முன்பக்கம் மட்டும் கொஞ்சம் எலும்பு மிச்சம், அதுவும் கத்தி முனைபோலக் கூராக நின்றது. அதன்மேல் மெலிசாக ஒரு ஈறு. அங்கே லேசாக அழுத்தினதும் மனிதர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நாக்கு வேறு, பற்கள் காலி செய்த இடத்தையெல்லாம் தனதாக்கிக்கொண்டு வாய் முழுக்கப் பரந்து படுத்திருந்தது. கீழே எதை வைத்தாலும் அது தூக்கி எறிந்துவிடும்.

“கட்டலாம். ஆனா நிக்காதுங்க,” என்றேன். சுற்றி வளைத்துச் சொல்லிப் பழக்கமில்லை.

“நிக்கோணுங்க டாக்டரம்மா,” என்றார். பல் இல்லாத வாய்க்கே உரிய குழைந்த பேச்சு. “தை மாசத்துல ஒரே ஒரு நாளைக்கு நின்னாப் போதுமுங்க.”

“ஒரு நாளைக்கு எதுக்கு? போட்டோ புடிக்கவா?”

அவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. “எனக்கு நிச்சயம் மேடம்,” என்றாள். “மாமாதான் வெத்தல மெல்லணும்.”

மலையில் எல்லோருக்கும் இது உண்டா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வகையறாவில் வழக்கமாம். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் நீட்டும் வெற்றிலையைப் பெண்ணின் மூத்த தாய்மாமன் வாங்கி, சபை நடுவில் நின்று மெல்ல வேண்டும். வாய் சிவந்ததும் திறந்து காட்டி, ‘குடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் விழுந்தால் சம்பந்தம் உறுதி. இடித்த வெற்றிலை செல்லாது. மெல்லும்போது வாயிலிருந்து கீழே விழுந்தாலும் செல்லாது. மூத்தவரால் முடியாவிட்டால் உரிமை அடுத்த மாமனுக்குப் போய்விடும்.

“போனாப் போகட்டுமே. அவர் மென்னுட்டுப் போறார்,” என்றேன்.

“அவன் மெல்ல மாட்டானுங்க. வெத்தலைய வாங்கி மடியில கட்டிக்குவான், சம்பந்தம் நின்னுபோகும்,” என்றார். “என்ற தம்பிதானுங்க. அவனுக்கு ஒரு பையன் இருக்கறான். புள்ளைய அந்தப் பையனுக்கே கட்டோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான். முறைதானுங்க, இல்லீங்கல. ஆனா புள்ளைக்குப் புடிக்கோணுமில்லீங்களா?”

பெண்ணைப் பார்த்தேன். “அந்தப் பையன் கெட்டவன் இல்ல மேடம். எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான்,” என்றாள். அவளுக்குப் பிடித்திருந்தது திருப்புலி நாட்டுப் பக்கம் ஜீப் ஓட்டுகிற ஒருவனை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டபிறகு இந்த மாமன் வீட்டில்தான் வளர்ந்தாள். அவருக்கும் அவர் மனைவிக்கும் வேறு பிள்ளை இல்லை.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. படித்த பெண், மேஜர் ஆனவள். அவள் யாரோடு வாழ்வது என்பது இந்த மனிதரின் தட்டைத் தாடையிலா இருக்கிறது? “எனக்கு இவரைத்தான் புடிச்சிருக்குன்னு நீயே சபையில சொல்லிட வேண்டியதுதானே? சட்டம் இருக்கு, போலீஸ் இருக்கு,” என்று படபடவென்று பொரிந்தேன்.

அவள் பதறவில்லை. “சொல்லலாம் மேடம். சொல்லிட்டு நான் ஜீப்ல ஏறிப் போயிருவேன். மாமாவும் அத்தையும் அதே ஊர்லதான இருக்கணும்?” என்றாள்.

நான் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

அந்த வாயில் அளவெடுத்த நாட்களை நினைத்தால் இப்போதும் தோள்பட்டை இறுகுகிறது. ஆடுகிற ஈற்றை அழுத்தி அளவெடுத்தால், செட்டு போட்டபிறகு ஈறு தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், செட்டைத் தள்ளிவிடும். அதனால் மேல் தாடைக்கு அளவெடுக்கிற தட்டில் அந்த இடத்தை மட்டும் ஜன்னல் போல வெட்டிவிட்டு, அங்கே கூழ் பதத்தில் மருந்தைத் தொட்டு வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிற்பது எனக்கு ஆகாத வேலை. காலை மாற்றி மாற்றி வைப்பேன். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்ப்பேன். மூக்கைத் துடைக்க வேண்டும் போலிருக்கும். ஒரு தடவை பாதியில் கரண்ட் போய்விட்டது. நான் இருட்டில் திட்டிய திட்டைக் கேட்டு, வாயில் தட்டோடு அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். அந்த அளவு வீணாகப் போயிற்று.

கீழ்த்தாடைக்கு வேறு வழி. உட்கார மேடு இல்லையென்றால், நாக்கு உள்ளிருந்து தள்ளுகிற தள்ளலும் கன்னம் வெளியிலிருந்து தள்ளுகிற தள்ளலும் சமமாகிற ஓர் இடம் வாய்க்குள் இருக்கும். பற்களை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்த இடத்தை நான் கண்டுபிடிக்க முடியாது, அவர் வாயே காட்ட வேண்டும். இளகின மெழுகை வைத்துவிட்டு, “பேசுங்க, முழுங்குங்க, உதட்டக் குவிங்க,” என்று விடாமல் விரட்டுவேன். அவரும் பேசுவார். மிளகுக் கொடி, பன்றி நோண்டின மரவள்ளி, ராத்திரி பஸ் வராத கதை என்று வாய் நிறைய மெழுகோடு ஏதோ சொல்வார். பாதி புரியாது. புரியாத பேச்சுக்கெல்லாம் அந்தப் பெண் பக்கத்தில் நின்று அர்த்தம் சொல்வாள். நாக்கும் கன்னமும் பிசைந்து பிசைந்து மெழுகில் ஒரு வரப்பு எழுந்தது. அதைப் பார்த்தபோது முதன்முதலாக, நின்றாலும் நின்றுவிடும் என்று தோன்றியது.

அச்சுகளைச் சேலத்து லேபுக்கு பஸ்ஸில் அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் நிஜமான அவஸ்தை. மார்கழிப் பனி ஆஸ்பத்திரிச் சுவரை மூடிவிடும். பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. வேலைக்கு நடுவில் கோட்டோடு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடுவேன். “பார்சல் வந்துச்சா?” டீக்கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே இளக்காரம். “ஏனுங்க டாக்டரம்மா, பல்லு வந்தா சொல்றோமுங்க. அது என்ன, நடந்து வேற ஊருக்கா போயிரும்?” என்பார். ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. அந்தத் தம்பிக்காரருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நாள் அதே டீக்கடையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நின்று, “எங்கண்ணனுக்கு நல்லாப் பாத்துக் கட்டுங்கம்மா. முறுக்கு திங்கறாரான்னு பாப்போம்,” என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். மரியாதையாகச் சொன்னதால் எனக்கு இன்னும் எரிந்தது.

செட்டு வந்தது. மேல் செட்டு முதல் நாளே கவ்விப் பிடித்துக்கொண்டது. கீழ்ச் செட்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. ராவினேன், போட்டேன், மறுபடி ராவினேன். இரண்டு பக்கமும் ஒன்றாக மெல்ல வேண்டும், முன் பல்லால் எதையும் இழுக்கக் கூடாது, நாக்கைக் கீழ்ச் செட்டின் ஓரத்தில் அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாத்தியார்போலக் கத்தினேன். முதலில் வாழைப்பழம், பிறகு இட்லி, பிறகு வெற்றிலை மட்டும். முழுப் பாக்குக்குப் பதில் சீவல் போடலாமா என்று கேட்டேன். “சீவலுக்குத் தடையில்லீங்க. இடிக்கத்தான் கூடாது,” என்றார். பொங்கல் கழிந்து வந்தபோது ஒரு வெற்றிலையை என் எதிரிலேயே மென்று, சிவந்த வாயைத் திறந்து காட்டினார். செட்டு ஆடாமல் நின்றது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, “எங்கப்பன மாதிரியே இருக்கறேனுங்க,” என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகையும் சட்டென்று வரும்.

ராத்திரியில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும், சுடுதண்ணீரில் கழுவக் கூடாது என்று அவர் மனைவியிடமும் சொல்லச் சொன்னேன். சொல்லிவிடுவதாகப் பெண் தலையாட்டினாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்து அன்று இரண்டு பரோட்டா சேர்த்துச் சாப்பிட்டேன்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று பேரும் வந்து நின்றார்கள். அவர், அந்தப் பெண், அவர் மனைவி. அந்த அம்மாள் முந்தானையில் எதையோ பொத்தி வைத்திருந்தார். பெண்ணின் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

அந்த அம்மாள் முந்தானையைத் திறந்தார். கீழ்ச் செட்டு. லாடம் மாதிரி இருக்க வேண்டிய அதன் ஒரு கை உள்பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது.

“என்ன பண்ணீங்க?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“ஒரே மருந்து வாசமுங்க. அந்தப் புள்ள நாளைக்குச் சபையில நிக்கறப்ப மாமன் வாய் நாறக் கூடாதில்லீங்களா? புதுச் சட்டி வாங்குனா வடிகஞ்சி ஊத்தி அடுப்புல வச்சுப் பழக்கித்தான் பொழங்குவோம். மண்வாசமும் போவும், வெடிக்கவும் வெடிக்காது. அதாட்டம் இதையும் கஞ்சியில போட்டு ஒரு கொதி வுட்டேன்.”

“சுடுதண்ணி ஆகாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“கழுவக் கூடாதுன்னு சொன்னீங்கன்னு புள்ள சொல்லுச்சுங்க,” என்றார் அந்த அம்மாள், மிரண்டுபோய். “நான் கழுவலீங்களே. பழக்குனேன்.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வராந்தாவில் ஊசிக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. மாமன்தான் குறுக்கே வந்தார். “வுடுங்க டாக்டரம்மா. அவ நல்லதுக்குத்தான் பண்ணுனா. மேல் செட்ட அடுத்த ஈடு போடலாம்னு வச்சிருந்தா, அது தப்பிச்சுதுங்களே,” என்றார். ஆறுதல் சொல்கிறாராம். புதுச் சட்டியைப் பழக்காமல் புழங்கக் கூடாது என்பது அந்த அம்மாளுக்கு எவ்வளவு சரியான விஷயமோ, பல் செட்டு பிளாஸ்டிக் என்பது எனக்கு அவ்வளவு தெரிந்த விஷயம். இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணின் தலையில் விழுந்திருந்தன.

சேலத்துக்கு அனுப்பி வாங்க நேரமில்லை. முறுக்கின கையை ராவித் தள்ளினேன். கடிக்கச் சொல்லிப் பார்த்து, இடிக்கிற பற்களின் உயரத்தைக் குறைத்தேன். அடியில் ரப்பர்போல மெத்தென்று இறுகும் ஒரு மருந்தைத் தடவி, அவர் வாயிலேயே வைத்து உறையவிட்டேன். பொழுது சாய்ந்துவிட்டது. பேசினால் நின்றது. விழுங்கினால் நின்றது. வெற்றிலையை நான் வேண்டாமென்றேன். அந்த மருந்து நன்றாகக் கெட்டிப்படட்டும், நாளை ஒரே ஒரு தடவைதான் மெல்ல வேண்டும் என்றேன். உண்மையில் சோதித்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

“நாளைக்கு நீங்க வந்துருங்க மேடம்,” என்றாள் பெண். வர மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். “வரேன்,” என்றேன்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். வாசலில் பந்தல், சீரியல் லைட், ஒலிபெருக்கியில் பாட்டு. ஜமக்காளம் விரித்து ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், எதிர்ப் பக்கம் பெண் வீட்டார். ஜீப் ஓட்டுகிற பையன் புதுச் சட்டையில் வேர்த்துக்கொண்டிருந்தான். தம்பிக்காரர் முன்வரிசையில் சம்மணமிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பெண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்தேன். யாரோ, “உக்காருங்க கண்ணு,” என்று கையைப் பிடித்து இழுத்தார்கள்.

மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் தட்டை நீட்டினார். மாமன் எழுந்து வெற்றிலையை வாங்கி, சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து மடித்து வாயில் போட்டார். பாட்டை நிறுத்தினார்கள். நான் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு பக்கமும் ஒன்றாக மென்றார். மெதுவாக, தலை ஆடாமல். என் பல்லை நான் கடித்துக்கொண்டிருந்தேன். தாடை ஏறி இறங்குவதைப் பார்த்து, நிற்கிறது, நிற்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கீழுதடு ஒரு மாதிரி பிதுங்கியது. நாக்கு தூக்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் கை வாய்க்குப் போவதற்குள் கீழ்ச் செட்டு உதட்டைத் தாண்டி ஜமக்காளத்தில் விழுந்து, உருண்டு, மாப்பிள்ளை வீட்டார் காலடியில் போய் நின்றது.

என் மானமும் அங்கேதான் கிடந்தது. எழுந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் மலையிறங்கிவிடலாம் போலிருந்தது.

“விழுந்திருச்சு!” தம்பிக்காரர் எழுந்துவிட்டார். “எல்லாரும் பாத்தீங்கில்ல? தட்ட இங்க குடுங்க.”

தட்டைப் பிடித்திருந்த பெரியவர் குனிந்து பார்த்தார். “விழுந்தது பல்லுப்பா. வெத்தல வாயிலதான இருக்குது?”

“வாயில இருந்து விழுந்தா விழுந்ததுதான்!”

“வெத்தல விழுந்தாத்தான் செல்லாதுன்னு வழக்கம். பல்லு விழுந்தா என்னன்னு யாரும் சொல்லி வைக்கலியே.”

“எப்படிச் சொல்லி வைப்பாங்க? அவங்களுக்கெல்லாம் சொந்தப் பல்லு!”

யாரோ சிரித்தார்கள். “அப்படிப் பாத்தா மீசைல ஒரு மசுரு விழுந்தாலும் நிச்சயத்த நிறுத்திப் போடுவீங்களாட்டம் இருக்குது,” என்றது ஒரு குரல். இரண்டு பக்கமும் எழுந்துவிட்டார்கள். பல் உடம்பைச் சேர்ந்ததா, கடையில் வாங்கின சாமானா என்று ஒரு பெரிய வழக்கே நடக்க ஆரம்பித்தது. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று வேறு பயம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெண் வந்தாள். குனிந்து செட்டை எடுத்தாள். பட்டுப் புடவைத் தலைப்பில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து மாமனிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. லேசாகத் தலையை மட்டும் அசைத்தார். வாயைத் திறந்தால் வெற்றிலை விழுந்துவிடும்; அதனால் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் தாடை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேல் செட்டு இன்னும் வாயில் இருக்கிறது. கல்போன்ற அந்தப் பற்கள் வெறும் ஈற்றின்மேல் இறங்குகின்றன. என் விரல் பட்டதற்கே நாற்காலியைப் பிடித்த அந்தக் கத்தி முனை எலும்பின்மேல். நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அசையாமல் உட்கார்ந்திருந்தது அந்தச் சிறிது நேரம்தான் என்று நினைக்கிறேன். அவர் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. கண்ணோரத்தில் தண்ணீர் கோத்தது. மெல்லுவதை அவர் நிறுத்தவில்லை.

பிறகு கையைத் தூக்கினார். யாரும் கவனிக்கவில்லை. இரண்டடி முன்னால் வந்து, சண்டை போட்டுக்கொண்டிருந்த தம்பிக்கும் பெரியவருக்கும் நடுவில் நின்று வாயைத் திறந்தார். சபை அப்படியே அடங்கியது. நாக்கு, ஈறு, உதடு எல்லாம் ஒரே சிவப்பு. அவ்வளவு சிவந்த வாயை நான் பார்த்ததில்லை.

“குடுத்தேன்,” என்றார்.

குழைந்துதான் வந்தது. ஆனாலும் கடைசி வரிசைக்குக் கேட்டது. பெரியவர் தட்டைக் கீழே வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தம்பிக்காரர் அண்ணன் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, “செரி, பந்தி எப்ப?” என்றார். ஒலிபெருக்கியில் மறுபடி பாட்டு போட்டார்கள்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு புறக்கடைக்கு ஓடினேன். அவர் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் குனிந்து நின்றார். பெண் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாள். அவர் கொப்பளித்துத் துப்பினார். வெற்றிலைச் சிவப்பு என்றால் இரண்டு கொப்பளிப்பில் வெளிற வேண்டும். வெளிறவில்லை. போனில் டார்ச்சைப் போட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்த்தாடையின் முன்பக்க ஈறு நீளமாகக் கிழிந்து தொங்கியது, நடுவில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அவரைத் திட்ட ஆரம்பித்தேன்.

“உங்களுக்கு வலிக்கலையா?” என்றேன்.

“வலிச்சுதுங்க,” என்றார், என் கையைப் பிடித்துப் பஞ்சைக் கொஞ்சம் விலக்கிவிட்டு. பந்தல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். “அதனாலதானுங்க அவ்வளவு சீக்கிரம் செவந்துச்சு.”